மனநல இல்லங்களில் பராமரிப்பின் தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இல்லமும் மனநல மருத்துவமனை வார்டும் ஒன்றுதானே?

இல்லை. வார்டு என்பது நோய் தீவிரமாக இருக்கும் சில வாரங்களுக்கானது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோய்களோடு பல வருடமாக வாழ்பவர்கள் மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ தங்கும் இடம்தான் இல்லம். சிகிச்சை அங்கும் நடக்கும். ஆனால் தங்கியிருப்பவருக்கு அது முதலில் வீடு, அப்புறம்தான் சிகிச்சை. இது மறந்துபோன இல்லத்தில் மருந்து சரியாகப் போய்க்கொண்டிருக்கும், ஆள் மட்டும் மங்கிக்கொண்டே வருவார்.

முதல் தடவை பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

வரவேற்பறையையும் சுவரில் தொங்கும் சான்றிதழ்களையும் விட்டுவிடுங்கள். நேராகக் கழிப்பறைக்குப் போங்கள். சோப்பு இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளிருப்பவர் தாழிட்டுக்கொள்ளவும், ஆபத்து என்றால் ஊழியர் வெளியிலிருந்து திறக்கவும் வசதியுள்ள பூட்டுதான் சரி. "பாதுகாப்புக்காக" தாழ்ப்பாளையே கழற்றிவிட்ட இடத்தில், யோசிக்க வேண்டிய வேலையை ஒரு திருப்புளியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து படுக்கையறை. ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய அலமாரி உண்டா, சாவி யார் கையில்? துணி அவரவருடையதா, துவைத்து வந்த பொதுக் குவியலிலிருந்து கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்களா? பல் துலக்கும் பிரஷ்கள் பெயர் எழுதித் தனித்தனியாக இருக்கின்றனவா? காலை பத்து மணிக்கு அவை எல்லாமே காய்ந்து கிடந்தால், "தினமும் உதவி செய்கிறோம்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலைமுடியும் ஓர் அடையாளம்தான். ஒருவேளை சுகாதாரத்துக்காக இருக்கலாம், பெரும்பாலும் ஊழியருக்கு வேலை குறைய வேண்டும் என்பதற்காகவே இருக்கும்.

முடிந்தால் மதியம் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் போங்கள். காலையில் எந்த இல்லமும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும்: குளியல், சாப்பாடு, மாத்திரை, மருத்துவர் வருகை. அந்தப் பிற்பகலில்தான் உண்மை நிலவரம் தெரியும். சுவரோரம் வரிசையாக நாற்காலி, யாரும் பார்க்காமல் ஓடும் டிவி, ஆளுக்கொரு மூலை. ஊழியர்கள் ஒரு பக்கம் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படி இருந்தால் காலையில் பார்த்த சுறுசுறுப்பை மறந்துவிடுங்கள்.

ஒரு கேள்வியை அங்கே வசிப்பவர் ஒருவரிடமே கேளுங்கள்: "உங்களுக்கு இப்போது ஒரு காபி வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?" "நானே போய்ப் போட்டுக்கொள்வேன்" என்பது ஒரு பதில். "கேட்டால் தருவார்கள்" என்பது இன்னொன்று. "நாலு மணிக்குத்தான் வரும்" என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அந்த இல்லத்தின் தரம்.

இதற்கென்று அளவுகோல் ஏதும் இல்லையா?

உண்டு. நீண்டகால மனநல இல்லங்களுக்காகவே 10 ஐரோப்பிய நாடுகளில் உருவாக்கிச் சோதித்த ஒரு வினாத்தாள் இருக்கிறது. மனநல மருத்துவர் ஹெலன் கில்லாஸ்பியின் தலைமையில் செய்த வேலை அது. இல்லத்தின் மேலாளர் பதில்களை நிரப்ப வேண்டும். வாழும் சூழல், சிகிச்சைச் சூழல், சிகிச்சைகளும் பயிற்சிகளும், சுயமாக முடிவெடுத்தல், வெளியுலகத் தொடர்பு, மனித உரிமை, மீண்டெழுதலை நோக்கிய நடைமுறை என 7 தலைப்புகளில் மதிப்பெண் வரும். மேலாளர் தன் இல்லத்தைப் பற்றித் தானே சொல்வதுதானே, நம்பலாமா என்று தோன்றும். "நன்றாக நடத்துகிறீர்களா" என்பது போன்ற கேள்விகளைவிட, எண்ணிச் சொல்லக்கூடியவற்றை, நடந்தது நடக்காதது என்று சரிபார்க்கக்கூடியவற்றைக் கேட்டால் பூசி மெழுகுவது கடினம்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட தர-உரிமைக் கருவித்தொகுப்பு வேறு வழியில் போகிறது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைதான் அதற்கு அடிப்படை. வெளியாட்கள் குழுவாக வந்து, நேரில் பார்த்து, ஆவணங்களைப் புரட்டி, வசிப்பவர், குடும்பத்தார், ஊழியர் மூவரிடமும் தனித்தனியாகப் பேசி மதிப்பிடுவார்கள். மனநோயோடு வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். அவர்கள் கண்ணுக்கு மட்டும் படும் விஷயங்கள் நிறைய.

எந்த அளவுகோலும் வருடத்துக்கு ஒருமுறை நிரப்பிக் கோப்பில் வைப்பதற்கல்ல. மிகக் குறைந்த மதிப்பெண் வந்த ஒரே ஒரு தலைப்பை எடுத்து, ஆறு மாதத்துக்கு அதை மட்டும் சரிசெய்து, மறுபடி அளந்தால் போதும்.

"தொல்லை செய்யாமல் அமைதியாக இருக்கிறார்" என்கிறார்கள். நல்லதுதானே?

எப்போதும் இல்லை. ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இங்கிலாந்தின் 3 மனநல மருத்துவமனைகளில் நீண்ட காலமாக இருந்த மனச்சிதைவு நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 1970இல் முடிவுகள் வெளிவந்தன. சொந்தப் பொருள் இல்லாத, வேலை இல்லாத, வெளியாள் தொடர்பில்லாத சூழலில் இருந்தவர்களிடம் பேச்சுக் குறைவும் உணர்ச்சி மழுங்கலும் ஒதுங்கலும் அதிகமாக இருந்தன. தேறியவர்களிடம் தெளிவாகத் தெரிந்த ஒரு மாற்றம், ஒன்றும் செய்யாமல் கழியும் நேரம் குறைந்ததுதான்.

ஆக, சும்மா உட்கார்ந்திருப்பதை நோய் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பாதி நோய், பாதி அந்த இடம். இதோடு அதிகப்படியான தூக்க மாத்திரையும் சேர்ந்தால் "அமைதி" இன்னும் கூடும்.

அதற்காக அட்டவணை போட்டு எல்லோரையும் உறை ஒட்டவோ மணி கோக்கவோ உட்கார வைப்பதில் பயனில்லை. செயல் என்பது அவர் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும்: கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, தன் துணியைத் தானே துவைப்பது, வாரம் ஒருமுறை தான் விரும்பியதைச் சமைப்பது. முதலில் 10 நிமிடம் போதும். கூடவே ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும். அவரே செய்து முடித்துவிடக் கூடாது. இங்கேதான் பல இடங்கள் சறுக்குகின்றன. ஊழியர் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலையை வசிப்பவர் செய்ய இருபத்தைந்து நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை வீண் என்று பார்க்கும் மேற்பார்வையாளர் இருக்கும்வரை ஒன்றும் மாறாது.

எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் இருக்க வேண்டும்?

எல்லா இல்லத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் சொல்லும் எண் உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்கிறார் என்றால், ஒரே ஒரு ஆள் எப்போதும் பணியில் இருப்பதற்கே மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, உடம்புக்கு முடியாத நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் 4 பேர். "எந்நேரமும் 3 பேர் இருப்பார்கள்" என்று சொல்லும் இல்லத்தில் சம்பளப் பட்டியலில் 12 பேர் இல்லையென்றால், ஒன்று அந்தப் பேச்சு பொய், இல்லை யாரோ இரட்டை ஷிப்ட் பார்த்துத் தள்ளாடிக்கொண்டிருக்கிறார்.

இரவு ஷிப்டைத் தனியாகக் கேளுங்கள். ஒரே ஆள் இருந்து, அவரும் தூங்குகிறார் என்றால், ஒருவருக்கு வலிப்பு வந்தால் கூட இருப்பது யார், ஆம்புலன்ஸை அழைப்பது யார்? ஊழியர்கள் எத்தனை மாதம் நிலைக்கிறார்கள் என்பதும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும் இடத்தில், யாருக்கு எந்த அறிகுறி முதலில் வரும் என்று தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார்.

மாத்திரை கொடுப்பதில் அப்படி என்ன தவறு நடந்துவிடும்?

நிறைய. அடிக்கடி நடப்பது, முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவது. காலை எட்டு மணிக்கு மருந்துப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். அன்றைய இரவு மாத்திரைக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுந்திருந்தால் அந்தப் பதிவேட்டில் எதையும் நம்ப முடியாது. சரியான முறை இதுதான்: பெயரையும் முகத்தையும் பார்ப்பது, அட்டையில் இருக்கும் மருந்தையும் அளவையும் பதிவேட்டோடு ஒப்பிடுவது, கொடுப்பது, விழுங்கிய பிறகு எழுதுவது. ஒருவருக்கு முடித்துவிட்டுத்தான் அடுத்தவர். எல்லோருக்கும் முன்னதாகவே சின்னக் கிண்ணங்களில் எடுத்துவைத்துத் தட்டில் சுமந்து வரும் பழக்கத்தால் ஒருவர் மாத்திரை இன்னொருவர் வாய்க்குள் போகிறது.

வேண்டாம் என்று மறுத்தால் "மறுத்தார்" என்று காரணத்தோடு எழுத வேண்டும். சாப்பாட்டில் கலந்து கொடுப்பதை "சமாளிப்பு" என்பார்கள். தெரிந்துவிட்டால் அன்றிலிருந்து அவர் சாப்பாட்டையும் நம்ப மாட்டார். சந்தேக நோய் உள்ளவரின் சந்தேகத்தை உண்மையாக்கிவிடும் வேலை அது.

தேவைப்படும்போது மட்டும் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதும் மருந்துக்குத் தனிக் கவனம் வேண்டும். எதற்காகக் கொடுத்தார்கள், அதற்கு முன் பேசிப் பார்த்தார்களா, ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருந்தார் என்ற மூன்றும் பதிவாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஊழியரின் ஷிப்டில் மட்டும் அந்த மருந்து அதிகமாகப் போகிறதென்றால், கவனிக்க வேண்டியது அந்த ஷிப்டைத்தான்.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மாத்திரையை எடுப்பவர்களுக்கு, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். வயிற்றுப்போக்கு, வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு வந்தாலும், வலிக்கு இபுப்ரோஃபென் கொடுத்தாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, தள்ளாடுவது மூன்றும் விஷ அளவின் அறிகுறிகள். குடித்தவர்போல நடக்கிறார் என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது. அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குளோசபின் கொடுக்கிறார்கள். இல்லத்தில் யாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கவனக் குறைவைத் தாங்காத மருந்தும் இதுதான். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் ஆபத்து இருப்பதால் முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்பது பல நாடுகளில் இருந்துவரும் வழக்கம். அதன் பிறகு இடைவெளி கூடும். காய்ச்சல், தொண்டை வலி என்றால் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பது இங்கே செல்லாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். சமையல்காரர் உட்பட எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மலச்சிக்கல். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும். குடல் அசைவே நின்று உயிர் போனவர்கள் உண்டு. நாள்தோறும் மலம் கழித்தாரா என்று குறித்துவைப்பதை அசிங்கம் என்று ஒதுக்காத இல்லம்தான் விவரம் தெரிந்த இல்லம்.

மூன்றாவது, 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழும், வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லி 12.5 மி.கி.யிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். இரண்டு நாள் வீட்டுக்குப் போய்வந்தவரிடம் "அங்கே மாத்திரை போட்டீர்களா" என்று கேட்பது இதற்காகத்தான்.

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: சிகரெட். புகையில் இருக்கும் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி குளோசபினை வேகமாகச் சிதைக்கும். திடீரென்று புகையை நிறுத்தினால் ஓரிரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து அளவு ஏறிவிடும். நிகோடின் ஒட்டுப்பட்டை போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் இதற்குக் காரணம் நிகோடின் அல்ல, புகை. இல்லத்தில் திடீரென்று புகைத் தடை கொண்டுவரும் மேலாளர் முதலில் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறார். கிளர்ச்சி என்று ஊசியைக் கூட்டிவிட்டார்கள்.

ஊசியைக் கூட்டும் முன் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். மனநோய் மருந்துகளாலேயே வரும் ஒரு தவிப்பு உண்டு, அகதீசியா என்பார்கள். உட்கார்ந்தால் கால் நிற்காது, பாதத்தை மாற்றி மாற்றி வைப்பார், நின்ற இடத்திலேயே எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுவார். "உள்ளுக்குள் ஏதோ அரிக்குது, நிக்க முடியல" என்பார். இதைக் கிளர்ச்சி என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அதைத் தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வந்தவர்கள் உண்டு.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: மருந்து தொடங்கியோ கூட்டியோ சில நாள், சில வாரங்களில் இது வந்ததா? நடை கோபத்திலா, நிற்க முடியாததாலா? அவரிடமே கேட்டால் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடுவார். தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கண் மேலே செருகி நின்றால் அது வேறு, மருந்தால் தசை இறுகிக்கொள்ளும் டிஸ்டோனியா. நடிப்பு என்று விட்டுவிடாமல் உடனே சிகிச்சை தர வேண்டும், சரியான மருந்து கொடுத்தால் சீக்கிரம் அடங்கிவிடும்.

உடல் நோய்களை யார் பார்ப்பது?

"நாங்கள் மனநலத்துக்குத்தான்" என்று இல்லம் சொன்னால் அங்கே சேர்க்க வேண்டாம். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள், பெரும்பாலும் இதய நோய், சர்க்கரை நோய், நுரையீரல் நோய் போன்றவற்றால். புது மருந்து தொடங்கினால் முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை எடை, பிறகு மூன்றாம் மாதம் எடையோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, அதன்பின் வருடம் ஒருமுறையாவது எல்லாம். ஆரம்ப எடையில் 7 சதவீதம் ஏறினால் மருத்துவரிடம் பேச வேண்டும். அதாவது 60 கிலோ உள்ளவருக்கு நாலு கிலோவுக்குச் சற்று மேல். இதற்குத் தேவையான கருவி ஒரு எடை இயந்திரம். அதுகூட வேலை செய்யாமல் மூலையில் கிடக்கும் இல்லங்கள் உண்டு.

வேகமாக விழுங்குபவரும், மருந்தால் விழுங்கும் தசை மந்தமானவரும் சாப்பாட்டில் மூச்சுத் திணறி இறக்கும் ஆபத்து உண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஊழியராவது பரிமாறும் வேலையில் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓயாமல் தண்ணீர் குடிப்பவர்களுக்குக் காலையும் மாலையும் எடை பார்க்க வேண்டும். ஒரே பகலில் 60 கிலோ 63 ஆனால் ரத்தத்தில் உப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது, வலிப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

கட்டிப்போடுவது, தனியறையில் பூட்டுவது தவிர்க்க முடியாததா?

சங்கிலிக்கு எந்தக் காரணமும் நியாயமாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன்பின் யாரும் "பாதுகாப்புக்காகக் கட்டினோம்" என்று சொல்ல முடியாது.

ஊழியர்கள் கையால் பிடித்து அடக்குவதிலும் உயிர் போகும். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் நெஞ்சு விரிய இடமிருக்காது. "மூச்சு விட முடியல" என்று கத்துபவரால் மூச்சு விட முடியும் என்று வாதாடுபவரை அந்த வேலையிலேயே வைத்திருக்கக் கூடாது.

இவை குறைவது நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, பதிவால். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார், அதற்கு முன் அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மறுநாள் அவரிடமே உட்கார்ந்து "அப்போது எது உதவியிருக்கும்" என்று கேளுங்கள். மூன்று மாதப் பதிவைச் சேர்த்துப் பார்த்தால் பாதிச் சம்பவங்கள் ஒரே மாதிரி நேரத்தில் வந்திருக்கும்: சிகரெட் மறுத்தபோது, ஷிப்ட் மாறும்போது, வருவதாகச் சொன்ன குடும்பம் வராதபோது. அந்த நேரங்களை மாற்றினாலே பலவும் நின்றுவிடும்.

அவருடைய பணத்தை இல்லம் வைத்துக்கொள்ளலாமா?

அவர் சம்மதத்தோடு, தனிக் கணக்கில், ஒவ்வொரு செலவுக்கும் ரசீதோடும் இரண்டு கையெழுத்தோடும் வைக்கலாம். ஒரு கையெழுத்து அவருடையது. எல்லோர் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டுப் பொதுவாகச் செலவழித்தால் யார் பணம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, நேர்மையான மேலாளருக்கும்தான்.

ஊழியர் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால்தானே கேட்பார்?

ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, எல்லாவற்றிலும் தலையிடுதல் மூன்றும் இருக்கும் வீடுகளில் மனச்சிதைவு திரும்பத் திரும்ப வருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். வீட்டில் அம்மா அப்பா செய்தால் கெடுப்பது, இல்லத்தில் ஊழியர் செய்தால் மட்டும் குணப்படுத்திவிடாது. "சோம்பேறி, வேண்டுமென்றே எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்" என்று ஓர் ஊழியர் சொன்னால், நோயின் அறிகுறியைக் குணக்கேடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் திட்டு வேண்டாம், பயிற்சி கொடுங்கள்.

புகார் செய்தால் உள்ளே இருப்பவருக்குத்தானே தொல்லை?

இந்தப் பயம் நியாயமானது. அதனால் பொதுவாகக் குறை சொல்லாமல் தேதி, நேரம், நடந்தது என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டில் இல்லத்துக்கு உரிமம் தரும் அமைப்புக்கு அதே நகலை அனுப்புங்கள். புகார் கொடுத்த வாரத்திலிருந்து வழக்கத்தைவிட அடிக்கடி, சொல்லாமல் போய்ப் பாருங்கள். அவரோடு தனியாகப் பேச ஒவ்வொரு முறையும் அனுமதி கிடைக்கிறதா என்பதே ஒரு சோதனை.

எத்தனை வருடம் அங்கே இருக்க வேண்டும்?

சேர்ந்த முதல் மாதத்திலேயே வெளியே போவதைப் பற்றிய திட்டம் எழுதியிருக்க வேண்டும். இத்தாலியில் 1978இல் வந்த 180ஆம் எண் சட்டம் பெரிய மனநல மருத்துவமனைகளை மூட வழிசெய்தபோது, வருடக்கணக்கில் உள்ளே இருந்த பலர் சிறு குடியிருப்புகளில் வாழக் கற்றுக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் கேல் நகரத்தில் பல நூற்றாண்டுகளாகக் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துவருகின்றன. "இவரால் முடியாது" என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

நடைமுறையில் மாத்திரையிலிருந்து தொடங்கலாம். முதல் கட்டத்தில் நேரம் வந்ததும் அவரே ஊழியரிடம் வந்து கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். சில வாரம் ஒழுங்காக நடந்தால் ஒரு நாளைக்கான மாத்திரையை அவர் கையில் கொடுப்பார்கள், பிறகு மூன்று நாளைக்கு, அப்புறம் ஒரு வாரத்துக்கு, அவர் அலமாரியில், அவர் சாவியோடு. இடையில் சொல்லாமல் எண்ணிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் அப்படிப் பார்ப்போம் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தால் அவரைத் திரும்ப முதல் கட்டத்துக்குத் தள்ள வேண்டாம். ஒரு கட்டம் பின்னால் வந்து, எந்த வேளை மறந்தது என்று கண்டுபிடித்து, அந்த வேளைக்கு ஓர் அலாரம் வைத்துக் கொடுங்கள்.